தாய்க்குத் தாயான ஊர்

திருச்சிராப்பள்ளி மலைமேல் கோயில் கொண்டிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருப்பெயர். வடமொழியில் மாத்ருபூதேசுவரர் என்பர். இறைவனைத் 'தாயே' என்று அழைத்த அடியார்கள் எல்லா நாட்டிலும் எல்லாச் சமயத்திலும் உண்டு. ஆனால், பிள்ளைப்பேற்றுக்குத் துணை நின்ற தொண்டையே தெய்வத்தின் திருப்பெயராகப் போற்றி வரும் ஊர் நம் திருச்சி.

கருவில் வளரும் குழந்தையின் உணர்வுகளும் நரம்பு மண்டலமும் நன்கு அமைய நாம் என்ன செய்ய வேண்டும் என்று இன்றைய இளம் பெற்றோர் ஆவலோடு கேட்கின்றனர். கேள்வி நல்லதுதான். இதற்கு நம் ஊரின் பழங்கதைகள் இருவேறு விடைகளை நம் முன் வைத்திருக்கின்றன. காவிரியின் தென்கரையில் ஒரு விடை. ஆற்றைக் கடந்து தீவுக்குள் சென்றால் மற்றொரு விடை. இரண்டையும் அருகருகே வைத்து, இன்றைய மருத்துவம் கண்டறிந்தவற்றின் ஒளியில் எண்ணிப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறேன்.

தென்கரையின் கதை

மலைக்கோட்டைக் குகைகளுள் மேலே இருப்பது ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அதே நூற்றாண்டில் ஞானசம்பந்தர் சிராப்பள்ளியைப் பாடினார். செவ்வந்திநாதர் என்ற பெயரும் இத்தலத்து இறைவனுக்கு உண்டு. அப்பெயரால் அமைந்த செவ்வந்திப் புராணம் தாயுமானவர் கதையைச் சொல்கிறது.

பூம்புகாரில் பிறந்த வணிகர் குலப் பெண் இரத்தினாவதி. திருச்சியில் கணவன் வீட்டில் வாயும் வயிறுமாக இருந்தாள். பேறுகாலம் நெருங்கியது. மகளுக்கு வேண்டிய மருந்துகளையும் பண்டங்களையும் கட்டி எடுத்துக்கொண்டு தாய் புறப்பட்டு வந்தாள். காவிரியிலோ பெருவெள்ளம். தாய் அக்கரையில் நின்றுவிட்டாள். மகளுக்கு இக்கரையில் இடுப்புவலி கண்டுவிட்டது. ஆதரவற்ற அந்தப் பெண் இறைவனை நினைந்து அழுதாள். இறைவன் அவளுடைய தாயின் வடிவிலேயே வந்து, பேறு பார்த்து, தாயையும் சேயையும் பேணினார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு தாயர் நின்றனர். அவர்களுள் ஒருவர் மறைந்தார். அன்று முதல் அவர் தாயும் ஆனவர்.

சித்திரைப் பெருவிழாவில் இந்நிகழ்ச்சி இன்றும் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற பெயரில் நடத்திக் காட்டப்பெறுகிறது. அன்று மருந்தே பிரசாதமாக வழங்கப்படுகிறது. நல்லபடியாகப் பேறு நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் வாழைத்தார் படைக்கின்றனர்.

இக்கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறந்த பிள்ளை பின்னாளில் அரசனானதாகவோ ஞானியானதாகவோ கதை பேசவில்லை. அதன் அக்கறை முழுவதும் வலியால் தவிக்கும் பெண்ணின்மேல்தான் இருக்கிறது. அவள் தனித்திருந்தாள், அவள் தனிமை நீங்கியது. கதை அவ்வளவே.

தீவின் கதை

இனி ஆற்றைக் கடப்போம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவில் திருவரங்கத்துக்கு அண்மையில் திருவானைக்கா இருக்கிறது. வெண்ணாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் சருகு விழாதவாறு வலை பின்னிய சிலந்தி, மறுபிறவியில் சோழர் குலத்தில் கோச்செங்கணானாகப் பிறந்த வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார்.

சோழன் சுபதேவனின் தேவி கமலவதி. பேற்றுவேளை வந்தபோது காலக்கணிதர்கள், இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிள்ளை பிறக்குமானால் மூவுலகும் ஆள்வான் என்றனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். தேவி தன் கால்களைக் கட்டித் தன்னைத் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னாள். குறித்த வேளை வந்ததும் பிள்ளை பிறந்தது. காலந்தாழ்ந்து பிறந்தமையால் அதன் கண்கள் சிவந்திருந்தன. அதைக் கண்டு தாய் சொன்ன சொல்லே பிள்ளைக்குப் பெயராயிற்று. தாய் இறந்துபோனாள்.

கோச்செங்கணான் பேரரசனானான். யானை ஏற இயலாத மாடக்கோயில்கள் பலவற்றைச் சிவபெருமானுக்கு எழுப்பினான். அக்கோயில்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த ஒரு நாழிகையைத் தன் உயிரைக் கொடுத்து வாங்கியவளைப் பற்றிப் பேசுவது குறைவு. அவள் தானே விரும்பிச் செய்தாள் என்பது உண்மை. தாய்மையின் தியாகம் என்று அதைப் போற்றுவதும் வழக்கம். ஆயினும் அரண்மனை நிறைய ஆட்கள் இருந்தும், 'வேண்டாம் அம்மா' என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லையே என்ற எண்ணம் கதையைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சை உறுத்துகிறது.

ஆற்றின் ஒரு கரையில், தாயைக் காக்க இறைவனே இறங்கி வருகிறார். மறுகரையில், பிள்ளையின் எதிர்காலத்துக்காகத் தாய் தலைகீழாகத் தொங்குகிறாள். நம் குடும்பங்கள் எந்தக் கரையில் நிற்கின்றன?

அரங்கமும் கருவறைக் கல்வியும்

கருவிலேயே குழந்தைக்கு அறிவும் உணர்வும் வாய்க்கும் என்ற நம்பிக்கை திருவரங்கத்து வைணவ மரபில் ஆழமாக வேரூன்றியது. கருவில் இருந்தபோதே அரங்கன் இருக்கும் திசையை நோக்கிக் கைதொழுததாகப் பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் பாடுகிறார். கருவிலே திருவுடையார் என்று அடியார்களைப் போற்றும் வழக்கு அம்மரபில் உண்டு. தாயின் வயிற்றில் இருந்தபடியே நாரதரின் உபதேசத்தைக் கேட்ட பிரகலாதனின் கதையை அறியாதவர் இல்லை.

அந்தக் கதையின் முற்பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். பாகவதம் சொல்லும் வரலாற்றில், கணவன் தவத்துக்குப் போயிருந்த வேளையில் கயாதுவை இந்திரன் பிடித்து இழுத்துச் செல்கிறான். நாரதர் இடைமறித்து அவளை விடுவிக்கிறார். தம் ஆசிரமத்துக்கு அழைத்து வந்து, கணவன் திரும்பும்வரை அச்சமின்றி இங்கே இரு என்கிறார். உபதேசம் அதன் பிறகுதான் வருகிறது. அதுவும் தாயை நோக்கியே சொல்லப்படுகிறது. முதலில் அடைக்கலம், பிறகே பாடம். இந்த வரிசை பொருள் பொதிந்தது.

அரங்கத்தில் இன்னோர் அழகிய வழக்கமும் உண்டு. ஆடியில் புதுவெள்ளம் பெருகி வரும் காவிரியைச் சூல் கொண்ட பெண்ணாகவே நம் மக்கள் பார்த்தனர். மசக்கைக்காரிக்குப் பிடித்தமானவை என்று புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு முதலிய கலந்த சோற்று வகைகளைப் படைத்தனர். கருவுற்ற மகளிர் புளிச்சுவையை விரும்புவதைக் குறுந்தொகைப் புலவரும் அறிந்திருந்தார். அந்த ஆடி மாதத்தில் அரங்கர் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளித் தங்கையாகிய காவிரிக்குப் புடவை முதலிய சீர்வரிசை அளிக்கிறார். சூலுற்றவளுக்குப் பிறந்த வீட்டார் சீர் கொண்டு செல்லும் கடமையைத் தெய்வமே நமக்குச் செய்து காட்டுவது போன்றது இது. இரத்தினாவதியின் தாயைத் தடுத்த காவிரியும் சீராட்டப்பட வேண்டிய ஒரு சூலியே என்பது எவ்வளவு கனிவான கற்பனை!

மருத்துவம் கண்டவை

இன்றைய மருத்துவம் என்ன கூறுகிறது? மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குள் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. போலிக் அமிலம் என்னும் சத்தைக் கருத்தரிக்கும் முன்பே உண்டுவந்தால் நரம்புக்குழாய்க் குறைகளைப் பெரிதும் தடுக்கலாம் என்பதை 1991-இல் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு மெய்ப்பித்தது. மூளை வளர இரும்புச்சத்தும் இன்றியமையாதது. ஆனால், 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளுள் 52 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தாயின் சோற்றுத் தட்டைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் மாத அளவில் கரு ஒலியைக் கேட்கத் தொடங்குகிறது. 1986-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் அறிஞர்கள், பேறுகாலத்துக்கு முந்தைய வாரங்களில் கர்ப்பிணிகளை ஒரு கதைப்பகுதியைத் தினமும் வாய்விட்டுப் படிக்கச் செய்தனர். பிறந்த குழந்தைகள், கேட்டறியாத பகுதியைவிட அப்பகுதியையே நாடின. கருவுக்குள் மிகத் தெளிவாகச் சென்று சேர்வது தாயின் குரல். அது காற்றின் வழியாக மட்டுமன்றி அவள் உடலின் வழியாகவும் செல்கிறது. கண்ணாடி வளையலின் கூர்மையான ஒலி வயிற்றுச்சுவரைக் கடக்கையில் பெரிதும் மங்கிவிடும். அப்படியானால் வளைகாப்பு வீண் சடங்கா? அப்படிச் சொல்ல மாட்டேன். பெண்கள் கூடி, சூலியை மணையில் அமர்த்தி, சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, 'நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்' என்று சொல்லாமல் சொல்வதே அச்சடங்கின் உயிர். அது முதலில் தாய்க்குக் கேட்கிறது. அவள் வழியாகப் பிள்ளைக்குச் சேர்கிறது. நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் இதைக் கைவிடாமல் வைத்திருப்பது நல்லதே.

தாயின் துயரம் பிள்ளையைத் தாக்குமா? கடுந்துயர் நெடுநாள் நீடித்தால் தாக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படை உணவு வரத்தைத் தடுத்ததால் மேற்கு நெதர்லாந்து பட்டினியில் வாடியது. அப்பஞ்சத்தின் உச்சத்தில் கருவான குழந்தைகளிடையே, பிற்காலத்தில் சிந்தனையையே சிதைக்கும் ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனநோய் மிகுந்து காணப்பட்டது. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தைப் பனிமழை முடக்கியது. இலட்சக்கணக்கானோர் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தனர். அப்போது கருவுற்றிருந்த தாய்மார்களின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். தாய்க்கு நேர்ந்த இன்னல் மிகுந்த அளவுக்குப் பிள்ளையின் மொழி வளர்ச்சி குறைந்திருந்தது. அவள் மனத்தளவில் எவ்வளவு கலங்கினாள் என்பதைவிட, எத்தனை நாள் இருளிலும் குளிரிலும் இருக்க நேர்ந்தது என்பதே அதிகம் தொடர்புடையதாக இருந்தது.

இவற்றுள் எந்தத் தாயும் குற்றவாளி இல்லை. நெதர்லாந்துப் பெண் பட்டினியை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. கியூபெக் பெண் பனியை வரவழைக்கவில்லை. மேலும், இறைவன் கருவைச் சுற்றி ஒரு காவலும் அமைத்திருக்கிறார். தாயின் மனஅழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசோலின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடுகிறது. ஒருநாள் அழுகையோ ஒருமுறை எழுந்த கோபமோ பிள்ளையைக் கெடுத்துவிடாது. இதைத் தாய்மார்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துணையின் வலிமை

இனி, தாயுமானவர் கதையை எனக்கு மிகவும் நினைவூட்டிய ஓர் ஆய்வைக் கூறுகிறேன். 1980-இல் குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு அது. கிளாஸ், கென்னல் என்னும் குழந்தை மருத்துவர்கள் அதில் பங்கு கொண்டனர். அங்கே பெண்கள் தனியாகவே பிள்ளை பெறுவது வழக்கம். சிலருக்கு மட்டும், முன்பின் அறிமுகமில்லாத, மருத்துவப் பயிற்சியும் இல்லாத ஒரு பெண்ணைத் துணையாக அமர்த்தினர். அவள் செய்ததெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவி, பேசிக்கொண்டிருந்ததே. துணை பெற்றவர்களுக்குப் பேற்று நேரம் சராசரி 19 மணியிலிருந்து 9 மணிக்கும் கீழே குறைந்தது. சிக்கல்களும் குறைந்தன. பிறந்த குழந்தையைத் தடவிக் கொடுப்பதும் பார்த்துச் சிரிப்பதும் பேசுவதும் அத்தாய்மாரிடம் மிகுந்திருந்தன.

தாய் வர இயலாதபோது தாயைப்போல் வந்து நின்ற ஒருவர்! மலைக்கோட்டைக் கதையைக் குவாத்தமாலாவில் எவரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அக்கதை சொன்ன உண்மையை அவர்கள் கடிகாரம் வைத்து அளந்துவிட்டனர். தமிழக அரசு 2004-இல் அரசு மருத்துவமனைகளில் பேற்றின்போது பெண் துணை ஒருவர் உடனிருக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மத்திய அரசு 2016-இல் நாடு முழுவதற்கும் இதை ஏற்றது.

தலைகீழாய்த் தொங்கும் தாய்மார்

இத்தனை அறிவு வந்த பிறகும் கமலவதிகள் நம்மிடையே இருக்கின்றனர். நாளும் நட்சத்திரமும் குறித்துக்கொண்டு வந்து, இந்த நேரத்தில் அறுவை செய்து பிள்ளையை எடுங்கள் என்று மருத்துவரை வற்புறுத்தும் குடும்பங்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 45 விழுக்காடு அறுவை வழியே நடப்பதாக 2019-21 ஆய்வு கூறுகிறது. அவற்றுள் பல, உயிர் காக்கும் அறுவைகளே. ஆனால் சோதிடத்துக்காகச் சில வாரம் முந்தி எடுக்கப்படும் குழந்தைக்கு இழப்பு உண்டு. 35-ஆம் வாரத்தில் கருவின் மூளை எடையில் நிறைகாலக் குழந்தையின் மூளையில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருக்கும். எஞ்சியதை வளர்க்க இறைவன் ஒதுக்கிய வாரங்களை நாம் பஞ்சாங்கத்துக்குக் கொடுத்துவிடலாமா?

மற்றொரு வகைத் தொங்கலும் உண்டு. மேதையாகப் பிள்ளை பிறக்க இன்ன இசையைக் கேள், இன்ன நூலைப் படி, இன்ன பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர் என்கின்றனர். இசை நல்லது, நூலும் நல்லது. ஆனால் எல்லாப் பொறுப்பையும் தாயின் மனத்தின்மேல் ஏற்றிவிட்டு மற்றவர்கள் விலகி நிற்பது அறமாகாது. கர்ப்பிணிகள் ஆசீர் வேண்டிப் பங்கு ஆலயத்துக்கு வரும்போது, அவர்களுள் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: "சாமி, அழுதா பிள்ளைக்கு ஆகாதுன்னு வீட்டுல சொல்றாங்க. ஆனா அழுகை வருதே, என்ன செய்யட்டும்?" அழவைக்கும் காரணத்தை நீக்காமல் அழாதே என்று மட்டும் கட்டளையிடும் வீட்டில், அந்தப் பெண் துயரத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கிறாள். வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வும் உறக்கமின்மையும் மனத்தளர்ச்சி நோயின் அறிகுறிகளாகலாம். அதற்கு மருத்துவம் உண்டு. அறிவுரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மலைநாட்டுப் பயணம்

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை இந்த நோக்கில் படித்துப் பாருங்கள். முதிர்ந்த வயதில் கருவுற்ற எலிசபெத்து ஐந்து மாதம் பிறர் கண்ணில் படாமல் இருந்தார். ஆறாம் மாதத்தில் மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்று அவரை வாழ்த்தினார். வாழ்த்தொலி காதில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை மகிழ்ச்சியால் துள்ளியது. துள்ளிய குழந்தையைப் பற்றி நாம் பல மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். அந்த மகிழ்ச்சிக்கு வாயிலாக இருந்தது வீடு தேடி வந்த ஒரு பெண்ணின் குரல் என்பதையும், அவர் ஏறத்தாழ மூன்று மாதம் அங்கேயே தங்கினார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். இறைவன் தாயைப்போல் தேற்றுகிறவர் என்று எசாயா இறைவாக்கினர் கூறுகிறார். அந்தத் தேற்றரவு மலைநாட்டில் ஓர் உறவுக்காரப் பெண்ணின் கால்களால் நடந்து வந்தது.

நம் கடமை

துணை என்பது உறவினரோடு முடிவதன்று. சமுதாயமும் அரசும் அளிக்க வேண்டியது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதலிரு குழந்தைகளுக்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று. ஆயினும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் வயலிலும் உழைப்பவளுக்கு அந்த விடுப்பு எட்டுவதில்லை. அவர்களை எண்ணியே தமிழகத்தில் 1987-இல் மகப்பேறு உதவித் திட்டம் பிறந்தது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரால் அது வழங்குகிறது. உரிய பதிவு செய்யத் தெரியாமல் அதை இழக்கும் ஏழைப் பெண்ணுக்கு ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் கருவில் உள்ள பிள்ளையின் மூளைக்கு ஊட்டம் அளிப்பதே.

கணவன் குடியை விட்டால், கருவின் நரம்புகளுக்கு அதைவிடப் பெரிய மருந்து வேறில்லை. மாமியார் ஒரு குடம் தண்ணீரைத் தாம் தூக்கினால், அது ஒரு செபமாலைக்கு நிகர். தாய்வீடு தொலைவில் இருக்கும் புதுமருமகளை அக்கம்பக்கத்துப் பெண்கள் மாலைவேளையில் சென்று பார்த்துப் பேசிக்கொண்டிருக்கலாம். அன்பியக் கூட்டங்களில், நம் தெருவில் யார் யார் கருவுற்றிருக்கிறார்கள், யாருக்குத் துணையில்லை என்று ஒரு கணக்கு எடுக்கலாம்.

காவிரியில் இன்று பாலம் இருக்கிறது. வெள்ளத்தால் எந்தத் தாயும் அக்கரையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் வறுமையும், குடியும், சாதி கடந்த மணத்துக்காக மகளை ஒதுக்கிவிட்ட பிடிவாதமும் இன்னும் எத்தனையோ தாய்மாரை அக்கரையிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன. இக்கரையில் ஒரு பெண் வலியோடு காத்திருக்கிறாள். அவளுக்குத் தாயாகச் செல்ல வேண்டியவர்கள் நாம்.